பொடி தூக்காது

என்னால் என் கணவரைத் தூக்க முடியாது என்று முதலில் சொன்னவர் என் கொழுந்தனார். அதைச் சொல்வதற்குச் சற்று முன்புவரை நானும் என் கணவரும் எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டுப் படுக்கையறையில், கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே தரையில் கிடந்தோம். பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் கிடந்து, அவர் வீடு திரும்பியிருந்த முதல் வாரம் அது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பார்த்தேன். பாதி எழுந்தார். என் முழங்கால் மடங்கியது. இருவரும் சேர்ந்து சரிந்தோம். அடி ஒன்றும் இல்லை. தரையில் கிடந்தபடியே அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். நான்தான் அழுதேன்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் அண்ணனைப் பார்க்க வந்த கொழுந்தனார் அந்தக் கோலத்தில்தான் எங்களைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, இருவருமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணி, இது உங்களால முடியாது. உங்களுக்கும் வயசாச்சு. கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிங்க."

ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். அவருக்கு மட்டும் ஆகாத வயது எனக்கு எப்படி ஆனது என்று கேட்க அப்போது எனக்குத் தெம்பில்லை. ப்ராக்டிகல் என்றால் என்னவென்று அவரே விளக்கினார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு ஹோம் இருக்கிறதாம். தோட்டம் உண்டு, நர்ஸ் உண்டு, தெரிந்த ஒருவருடைய அப்பா அங்கேதான் இருக்கிறார். இப்போது இடமில்லை. ஈஸ்டர் வாக்கில் ஒரு கட்டில் காலியாகும்.

அவர் போனதும் என் கணவரிடம் கேட்டேன். "அங்க போறீங்களா?" அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் முயன்று, ஒரே ஒரு சொல் சொன்னார். "வீட்ல."

எனக்கு அது போதும். பகலில் ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்வார். காலையில் அவரை எழுப்பி உட்காரவைப்பதும், வேலை முடிந்து வந்து படுக்கவைப்பதும் என் பங்கு. அந்த இரண்டையும் என்னால் செய்ய முடிந்தால் அவர் வீட்டில் இருப்பார். முடியாவிட்டால் ஹோம். விஷயம் அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவள். "அக்கா, அவரை நீங்க தூக்கவே வேணாம். அவர் எழுந்திருக்கும்போது நீங்க தாங்கணும், திருப்பணும், மெதுவா இறக்கணும். அதுக்கு உங்க தொடையிலயும் இடுப்புலயும் பலம் வேணும். இப்ப அது இல்ல," என்றாள். கொழுந்தனார் சொன்ன 'முடியாது' என்பதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் சொன்ன 'இப்ப இல்ல' கேட்க நன்றாக இருந்தது.

எங்கள் அடுத்த தெருவில், இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு ஜிம் உண்டு. மாடிப்படியில் ஏறும்போதே வியர்வை நாற்றமும் கிரீஸ் நாற்றமும் சேர்ந்து அடிக்கும். சுடிதாரோடு, மூக்குக்கண்ணாடியோடு நான் உள்ளே நுழைந்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஜிம் மாஸ்டர் முப்பது வயதுக்காரர். என் காரணத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு சாப்பாட்டுக்கு வந்தார்.

"சிக்கன் துன்னுவீங்களாக்கா?"

"இல்ல."

"மீனு?"

"இல்ல."

"முட்டை வெள்ளையாவது?"

"அதுவும் இல்ல. பால்கூட காபிக்குத்தான்."

"அப்ப பேஜாராச்சேக்கா. சதை எங்கிருந்து வரும்? வூட்ல நீங்க அய்யருங்களா?"

"இல்ல, கிறிஸ்டியன்."

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். கிறிஸ்துமஸ் பிரியாணி வேண்டாம் என்று சொல்லும் கிறிஸ்தவப் பெண்ணை இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்காகத் தேடிப் பிடித்து ஒரு கரண்டி தயிர்ச்சோறு கொண்டுவருவார்கள், நோயாளிக்குக் கொண்டுவருவது போல. இது மதமும் இல்லை, சாதியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது பம்மலில். அப்போது எங்கள் தெரு முனையில் தோல் பதனிடும் ஷாப். பச்சைத் தோல் வண்டி வரும், சுரண்டிய கொழுப்பும் ஜவ்வும் ஒரு பக்கம் குவியும். அதை அள்ளிப் போக வேறொரு லாரி வரும். அது எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். காய்ச்சிப் பசை ஆக்குவார்கள், மாத்திரை உறை ஆக்குவார்கள் என்றார். அப்பா அந்த ஷாப்பில்தான் வேலை பார்த்தார். அந்தத் தொழில் போட்ட சோற்றைத்தான் நான் தின்றேன், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கறி மட்டும் அதன் பிறகு எனக்கு இறங்கவில்லை. வீட்டில் அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். நான் அசையவில்லை.

அப்போதே அசையாதவள் இப்போது மாஸ்டருக்காக அசைவேனா? "சதை வரலன்னா வராம போகட்டும். நீங்க வெயிட்டை ஏத்துங்க, நான் தூக்கறேன்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வெறும் கம்பியை என் கையில் கொடுத்தார். அந்த வெறும் கம்பியே முதல் வாரம் என்னைப் படாதபாடு படுத்தியது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

செய்தி பரவியதும் ஆளுக்கு ஒரு டப்பா சிபாரிசு செய்தார்கள். ஒருவர் அமுக்கரா, அதுதான் அஸ்வகந்தா, என்றார், ஒருவர் நெருஞ்சில் என்றார், ஒருவர் வெந்தயச் சாறு மாத்திரை என்றார். இதில் முன்னால் நின்றவர் என் கொழுந்தனார்தான். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகு அவர் ஒரு மூலிகைச் சத்து வியாபாரத்தில் சேர்ந்திருந்தார். ஆள் பிடித்து, அந்த ஆள் ஆள் பிடிக்கும் வியாபாரம். என்னால் முடியாது என்று சொன்ன அதே வாயால், "அண்ணி, ஜிம் கிம் எல்லாம் வேணாம், இதப் போடுங்க, மசில் தானா ஏறும்," என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அண்ணனுக்கும் ஒரு பாட்டில்.

எனக்குக் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எத்தனையோ வருஷமாக மற்றவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை எனக்காகவும் தேடினால் யார் கேட்கப் போகிறார்கள்? மதிய இடைவேளையில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேராக, ஒவ்வொரு பொடியாகத் தேடினேன். கட்டுரை படிப்பதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய், செலவு யாருடையது என்று பார்ப்பேன். பிறகு, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் முடிவு.

அமுக்கராவைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். அப்படிச் சொல்ல முடியவில்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அமுக்கரா சாப்பிட்டவர்களுக்குப் பலம் சற்றுக் கூடியதாகச் சில சோதனைகள் சொல்கின்றன. ஆனால் அதில் பெரும்பாலும் இளவட்டங்கள், எல்லோரும் கூடவே எடை தூக்கினவர்கள். ஆட்கள் கொஞ்சம், வாரங்கள் கொஞ்சம். சிலவற்றில் செலவு, சாற்றை விற்கிறவர்களுடையது. மாதவிடாய் நின்ற, முழங்கால் தேய்ந்த பெண்கள் அங்கே கண்ணிலேயே படவில்லை. அரிதாகச் சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கணவர் விழுங்குகிற மாத்திரைகளோடு இது வேண்டவே வேண்டாம் என்று அவருடைய டாக்டர் ஒரே வரியில் சொன்னார். நெருஞ்சில் பாட்டிலின் மேல் புஜம் புடைத்த ஒரு ஆள் படம் இருக்கும். மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த இடத்தில் அந்தப் புஜத்தைக் காணோம். வெந்தயத்துக்கு ஒரு கட்டுரையில் பலன் உண்டு, இன்னொன்றில் இல்லை. எனக்கு அது தோசைமாவில் இருந்தால் போதும்.

சோயா, பட்டாணிப் புரதத்தின் கதை வேறு. எடையும் தூக்கி, புரதமும் போதிய அளவு சாப்பிட்டால், இவை பால் புரதத்துக்குப் பெரிதாகச் சளைத்தவை இல்லை என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள். செடியின் புரதத்தில் தசைக்கு வேண்டிய சில கூறுகள் கொஞ்சம் குறைவு. அதனால் சற்று அதிகமாகச் சாப்பிட வேண்டும், பருப்பும் தானியமும் கலந்து சாப்பிட வேண்டும். வயதானவர்களிடம் செய்த சோதனைகள் குறைவு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். ஒளிக்காமல் எழுதியவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இத்தனை கட்டுரைகளிலும் மாறாத ஒன்று உண்டு. எந்தப் பொடியும் தானாக எதையும் தூக்கவில்லை. ஆள்தான் தூக்கினார், பொடி கூட இருந்தது. 'மசில் தானா ஏறும்' என்று கொழுந்தனார் சொன்னதற்கு எந்த மூலையிலும் சாட்சி இல்லை.

ஆகவே என் பொடி, மீல் மேக்கரும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் என்று ஆனது. ஒரு டப்பா சோயாப் பொடியும் வாங்கினேன். மணல் கரைத்ததுபோல் இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கல்லூரிக்குப் பொத்தேரியில் இறங்குவதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் மின்சார ரயிலிலேயே சுண்டல் டப்பாவைத் திறப்பேன். "ஆன்ட்டி, இது விக்கறதுக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, என் கணவரைத் தூக்குவதற்கு என்றேன். அவள் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டாள்.

இன்னொன்றும் சாப்பிட்டேன், அதற்குத்தான் பெரிய ரகளை. கிரியேட்டின் என்று ஒரு வெள்ளைப் பொடி. உடம்பிலேயே உண்டாவது, கறியில் இருப்பது. கறி சாப்பிடாதவர்களின் தசையில் அது குறைவாகத்தான் இருக்கும். விற்கிற பொடி எந்தச் செடியிலிருந்தும் வருவதில்லை, எந்த மாட்டிலிருந்தும் வருவதில்லை, தொழிற்சாலையில் செய்வது. நான் தேடிய அத்தனையிலும் இதற்குத்தான் சாட்சி பலமாக இருந்தது. எடை தூக்குகிற வயதானவர்களுக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறது என்று இருந்தது. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் பதறினார்கள். "ஐயோ, அது ஸ்டீராய்டு!" வேர் என்று சொன்னால் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். வெள்ளையாக ஒரு பொடியைப் பார்த்தால் பிசாசைக் கண்டதுபோல் ஓடுகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தையும் கம்பியில்தான் காட்டினேன்.

லெந்து நாட்கள் வந்தன. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் உறவில் பெரும்பாலோர் கறி, மீன், முட்டை தொட மாட்டார்கள். வருஷம் முழுக்க என்னைக் கேலி செய்கிறவர்கள் அப்போது மட்டும் எனக்குப் போன் போட்டு வத்தக்குழம்புக்குப் பக்குவம் கேட்பார்கள். கொழுந்தனார் விரதத்தில் கறாரானவர். கேக்கில் முட்டை இருக்கும் என்று பிறந்தநாள் வீட்டில் தட்டைத் தள்ளிவைத்தவர். அந்த வருஷம் அவருக்கு வியாபாரமும் சூடு பிடித்தது. கறி இல்லாத நாளில் உடம்பு தளராமல் இருக்க லெந்து ஸ்பெஷல் என்று சபையில் பலருக்கும் அந்தப் பாட்டிலை விற்றிருந்தார்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவி வந்து, பாட்டிலைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"பாருங்க அண்ணி, நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க. ஆறு மூலிகை. கெமிக்கலே கிடையாது. லெந்து நாள்லயும் தாராளமா போடலாம். ஹன்ட்ரட் பர்சென்ட் வெஜ்."

"உள்ள இருக்கறது வெஜ். மேல இருக்கற கூடு?"

"கூடா? அது ஏதோ பிளாஸ்டிக் மாதிரி... கரைஞ்சு போயிடும்."

"பாட்டிலுக்குப் பின்னாடி பாருங்க, குட்டி எழுத்துல ஜெலட்டின்னு போட்டிருக்கு. மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கறது தம்பி. பம்மல்ல எங்க தெருவுல லாரி லாரியா போனது அதுக்குத்தான்."

அவர் கையில் தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது. நாற்காலியில் இருந்த என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு பக்க வாயால் சிரித்து, புரையேறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

"மருந்துன்னா விரதக் கணக்குல வராது அண்ணி," என்றார் கொழுந்தனார், முகம் சிவக்க.

"அப்ப மருந்துன்னு சொல்லியே குடுத்திருக்கலாமே. வெஜ்னு சொல்லித்தானே லெந்துக்கு வித்தீங்க?"

அவர் பாட்டிலை மூடிப் பையில் போட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த சண்டே ஹோம்ல கட்டில் ரெடி. நான் காரோட வந்துடறேன். அண்ணன் விஷயத்துல இனிமே எமோஷனல் ஆகாதீங்க." போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குப் பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுப்புவது அப்போதே ஓரளவு என் வசப்பட்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் பக்கத்தில் நின்றால் ஒழுங்காகச் செய்வேன். அவள் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கை பிடிக்கச் சொல்வேன். தனியாகச் செய்யும் துணிவு இன்னும் வரவில்லை. மறுபடி விழுந்தால் இடுப்பெலும்பு உடைவது அவருக்கா எனக்கா என்ற நினைப்பு என் காலைப் பின்னுக்கு இழுத்தது. ஜிம்மில் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கம்பியில் இரண்டு பக்கமும் தட்டு ஏற்றினார். "இது உங்க வூட்டுக்காரர் வெயிட்டுல பாதிக்கு மேல வரும்க்கா. தூக்குங்க, அப்பால பேசலாம்." குனியாமல், இடுப்பை மடக்கி, தொடையால் தரையை உதைத்துத் தூக்கினேன். அது வந்தது. "இன்னாக்கா இது, சுண்டல் துன்னுகினே இவ்ளோ தூக்குறீங்க!" என்று மாஸ்டர் கத்திய கத்தலில் கீழே மெக்கானிக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கார் வந்தது. கொழுந்தனார் வெள்ளைச் சட்டையைக் கை மடித்துவிட்டுக்கொண்டே படுக்கையறைக்குள் வந்தார். என் கணவர் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார், இடுப்பில் நான் கட்டிவிட்ட பட்டை பெல்ட்டோடு. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அவர் எங்கயும் வரல தம்பி. நான் எழுப்பி உட்காரவைக்கறேன், நீங்களே பாருங்க. முடியலன்னா அப்புறம் பேசலாம்," என்றேன்.

"நீங்க ஒதுங்குங்க அண்ணி. ஆம்பள நான் இருக்கேன்ல," என்றார். நான் தடுப்பதற்குள் குனிந்து, அண்ணனின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, வெடுக்கென்று தூக்கினார்.

கொழுந்தனார் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டது. வளைந்தவர் நிமிர முடியாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பாதி எழுந்திருந்த என் கணவர் பிடி இல்லாமல் வலப்பக்கம் சாய்ந்தார்.

பயப்பட நேரமே இல்லை. என் முழங்கால் அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தது, கை பெல்ட்டைப் பிடித்தது, இடுப்பு தானாக மடங்கியது. ஒரு கணம் அவர் பாரம் முழுக்க என் தொடையில் நின்றது. மடங்கவில்லை. "நான் இருக்கேன், எழுந்திருங்க," என்றேன். அவரும் நல்ல காலை ஊன்றினார். நிமிர்ந்தோம். அவர் மூச்சு என் காதில் சுட்டது. அப்படியே திருப்பி, மெதுவாக, சத்தமே இல்லாமல் நாற்காலியில் இறக்கினேன். பக்கத்தில் யாரும் கை கொடுக்கவில்லை. எனக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் கால்களை நாற்காலியின் கால்பலகையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கொழுந்தனாரிடம் போனேன். முகம் வெளிறி, வியர்த்து, அசைய முடியாமல் இருந்தார். "கழுத்தைப் பிடிச்சுக்கோங்க தம்பி," என்று சொல்லி, முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்து, திருப்பிப் படுக்கவைத்தேன். அண்ணனைவிட இவர் பாரம். தலையணையைச் சரிசெய்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்தபடியே, பழைய பிடிவாதம் போகாமல், முனகினார். "அண்ணா... ஹோம்ல அட்வான்ஸ் எல்லாம் கட்டி வச்சிருக்கேன். கட்டில் ரெடியா இருக்கு."

என் கணவர் நாற்காலியின் சக்கரத்தை நல்ல கையால் தள்ளி, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வாய் கோணியது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டார்.

"அந்தக் கட்டில்ல... நீ... படு."